கோயில் திருப்பணி: அளவில் கண் வேண்டும்

ஐயா,

கடலூர் பகுதிக் கோயில் திருப்பணிகளில் பணம் கரைவது பெரும்பாலும் மணலில்தான். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரி வந்ததும் உள்நீளம், உள்அகலம், நான்கு இடங்களில் உயரம் என நாடா பிடித்து அளக்க வேண்டும். ஈரமணல் உப்பி நிற்கும். வாளியில் 10 அங்குலம் நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். 8 அங்குலத்துக்கு இறங்கினால், லாரியிலும் ஐந்தில் ஒரு பங்கு வெறும் உப்பல். அதைக் கழித்தே பணம் தர வேண்டும்.

கம்பிக்கு எடைமேடைச் சீட்டு மட்டும் போதாது. 12 மி.மீ. கம்பி 12 மீட்டருக்கு 10.66 கிலோ. கம்பிகளின் எண்ணிக்கையை இந்த எடையால் பெருக்கிப் பார்த்து, சீட்டிலுள்ள எடை அதைவிட 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சிமென்ட் உபயம்தான் மனதை வருத்துகிறது. பக்தர்கள் ஆசையாகத் தரும் மூட்டைகள் அஸ்திவாரத்துக்கு முன்பே குவிந்து, கடற்காற்றின் ஈரத்தில் கட்டிதட்டிப் போகின்றன. மூன்று மாதம் கிடந்தாலே வலு குறையும். மூட்டையாக வாங்காமல் பணமாக வாங்கி ரசீது கொடுங்கள். தளம் போடும் வாரத்தில் சிமென்ட் இறக்கலாம். எம்20 தரக் கான்கிரீட் கலவைக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை. அன்றன்று தீர்ந்த மூட்டைகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டு, திருப்பணிக் குழுவில் இருவர் நோட்டில் கையெழுத்திட வேண்டும்.

- கட்டடப் பொறியாளர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்