மரபு நடை ராயபுரத்தோடு ஏன் நின்றுவிடுகிறது?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 22 சென்னை தினம் நெருங்கினால் உங்கள் பத்திரிகையில் மரபு நடை (பழைய இடங்களை நடந்தே சுற்றிக் காட்டுவது) அறிவிப்புகள் வரிசையாக வரும், நானும் ஒன்று விடாமல் படிப்பேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கோட்டை, மிஞ்சிப்போனால் ஜார்ஜ் டவுன், அப்புறம் ராயபுரம் ரயில் நிலையம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம் என்பதால் அங்கே ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு எல்லாரும் கலைந்துவிடுகிறார்கள். எங்கள் வட சென்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது, அதை யாராவது அவர்களிடம் சொன்னால் தேவலை.

பாரிமுனையில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை நடந்தால் 15 கிலோமீட்டருக்கு மேல் வரும். வெயிலில் ஒரே மூச்சில் நடக்கச் சொல்லவில்லை, இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் வடக்கு நோக்கித்தான் நடக்க வேண்டும். இந்த நகரம் தன் எல்லையை எப்படித் தள்ளித் தள்ளி வைத்தது, வேண்டாததை எங்கே கொண்டுபோய் வைத்தது என்பது அந்த வழியில்தான் தெரியும்.

இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் நம் ஆட்களின் ஊர் இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் பாதியை இடித்தார்கள், திரும்ப வந்த ஆங்கிலேயர்கள் மீதியை இடித்து பீரங்கிக்கு வசதியாக வெட்டவெளி ஆக்கினார்கள். ஊர் வடக்கே நகர்ந்தது. ஹைதர் அலியின் குதிரைப்படைக்குப் பயந்து அதைச் சுற்றி மதில் கட்டினார்கள், செலவுக்கு மக்களிடம் வரி போடலாம் என்று பார்த்தார்கள், அது நடக்கவில்லை, வால்டாக்ஸ் (மதில் வரி) சாலை என்ற பெயர் மட்டும் மிச்சம். மதிலில் ஒரு துண்டு ஸ்டான்லி மருத்துவமனைக்கு அருகே மாடிப் பூங்காவாக இருக்கிறது. நகரத்தின் முதல் விளிம்பு அதுதான், அதைத் தாண்டிப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

கடைகளைப் பார்த்துக்கொண்டே போனாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகையும் காகிதமும், மண்ணடியில் இரும்புச் சாமான், காசிமேடு வந்தால் ஐஸ், வலை, கயிறு, படகு இன்ஜின் பாகங்கள். அதற்கு மேல் டயர் பஞ்சர் கடை, எடை மேடை, லாரிக்காரர்களுக்கான சாப்பாட்டுக் கடை. நடைபாதை எந்த இடத்தில் காணாமல் போகிறது என்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம், கண்டெய்னர் லாரி உங்களைச் சுவரோடு ஒட்டி நிற்க வைக்கும்போது தானே தெரிந்துவிடும்.

காசிமேட்டில் நின்று கடலைப் பாருங்கள். மணல் இருக்காது, கருங்கல்தான் கொட்டிக் கிடக்கும். மெரினாவில் வண்டி நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் தொட அவ்வளவு தூரம் மணலில் நடக்கிறோமே, அந்த மணலுக்கும் இந்தக் கல்லுக்கும் நேரான சம்பந்தம் உண்டு. நம் கரையோரமாகக் கடல் மணலைச் சுமந்துகொண்டே இருக்கும், வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தங்க ஆரம்பித்தது, கடற்கரை அகலமானது, 1880களில் உலாச் சாலையும் வந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அலை மட்டும் வழக்கம்போல வந்து இங்கிருந்ததை அள்ளிக்கொண்டு போனது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை குப்பங்களில் வீடுகள், படகு ஏற்றி வைத்த இடம், வலை காயப்போட்ட இடம் எல்லாம் கடலுக்குள் போயின. அப்புறம் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் சுவர்களாகத் தூண்டில் வளைவு போட்டார்கள். ஓர் இடத்தில் போட்டால் அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பு கூடும், அவர்கள் எங்களுக்கும் போடுங்கள் என்று மனு கொடுப்பார்கள். மெரினாவில் நடக்கும் மரபு நடைகளில் இதை ஒரு வாக்கியமாகவாவது சொல்கிறார்களா?

தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குகள். 2013இல் நிலத்தடிக் குழாய் கசிந்து போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை. சுங்கச்சாவடி தாண்டினால் முன்பெல்லாம் வேறு ஊர். 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதுதான் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் சென்னைக்குள் வந்தன. ஆலையும் புகையும் அதற்கு எத்தனையோ காலம் முன்பே வந்துவிட்டன. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது, நல்லதுதான், நானே அதில்தான் போகிறேன். இப்போது நிலையத்துக்கு நிலையம் அடுக்குமாடி விளம்பரம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விளிம்பு என்று நினைத்துப் போனால் திருவொற்றியூரில் தியாகராஜர் கோயில் நிற்கிறது. தேவாரம் பாடிய மூவரும் வந்த தலம், சுந்தரர் சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்த ஊர், கருங்கல் கருவறை ராஜேந்திர சோழன் காலத்தது. ஆங்கிலேயர்கள் கோட்டை கட்ட இடம் எழுதி வாங்கிய 1639க்கு சுமார் 600 வருஷம் முன்பு. யாருக்கு யார் புறநகர் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் எண்ணூர். 1970இல் தொடங்கிய அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்கு வடக்கே இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் சதுப்பில் படிந்து கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படகும் வலையும் கருப்பானது. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக் கூலி கொடுத்துப் பேசச் சொன்னால், எந்தப் புத்தகமும் தராத பாடம் கிடைக்கும்.

நான் கேட்பது இரண்டே விஷயம். அடுத்த சென்னை தினத்துக்கு நடை ஏற்பாடு செய்பவர்கள் ஒரு நடையாவது ராயபுரம் நிலையத்தில் முடிக்காமல் அங்கே தொடங்கட்டும், உங்கள் பத்திரிகை அதற்கு முன்கை எடுக்கலாம். 2023இல் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் என்று பட்ஜெட்டில் அறிவித்தார்களே, அதில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக ஆள் நடக்க ஒரு நடைபாதைக்கு இடம் உண்டா என்று மாநகராட்சியிடம் கேட்டு எழுதுங்கள். நடந்து முடித்தவர்கள் திரும்புவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எண்ணூரிலிருந்து கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர்