பெட்டியில் ஓம் மட்டும் போட்டால் போதுமா? பிக்கப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேஸ் கிட்டாருக்கு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) சுற்றி விற்பவர்களுக்கு,

வணக்கம். நான் மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் வாசிப்பவன். சில மாதங்களுக்கு முன் உங்களில் ஒருவரிடம் (பெயர் வேண்டாம்) என் ஜாஸ் பேஸுக்கு (ஃபெண்டர் பேஸில் ஒரு மாடல்) ஒரு ஜோடி பிக்கப் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு எண்: 9.6 கிலோ ஓம், அதாவது சுருளின் மின்தடை. என் பழைய பிக்கப் 7.6. ஓம் கூடினால் ஓசையின் காரம் கூடும் என்ற விளம்பரத்தை நம்பி மாட்டினேன். டோன் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சுற்றுகளின் எண்ணிக்கை அதேதான், கம்பிதான் 42 கேஜுக்குப் பதில் 43. கம்பி மெலிந்தால் மின்தடை கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். சுற்று கூடாமல் காரம் எங்கிருந்து வரும்?

மிருதங்கத்தைத் தராசில் வைத்து நாதம் சொல்கிற வேலை இது. மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான தடையை. தந்தி அதிர்ந்து பிக்கப்பில் எழுப்புவதோ மாறுமின்னோட்டம். அதற்குச் சுருள் காட்டும் மொத்த எதிர்ப்புதான் இம்பிடன்ஸ், அது சுருதிக்குச் சுருதி மாறும். இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் குணம், அலகு ஹென்றி) 4 ஹென்றி உள்ள ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். கீழ் ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸில் அதன் இண்டக்டன்ஸ் தரும் எதிர்ப்பு ஏறக்குறைய 1 கிலோ ஓம்தான். அங்கே உங்கள் ஓம் கணக்கு செல்லும். 1000 ஹெர்ட்ஸில் அது 25 கிலோ ஓம், 3000 ஹெர்ட்ஸில் 75. விரல் நகம் படும் ஓசையும் ஸ்லாப்பின் (கட்டைவிரலால் தந்தியை அடிப்பது) பளிச்சும் இருக்கிற அந்த இடத்தில் பெட்டி மேலுள்ள எண்ணுக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. அந்த இண்டக்டன்ஸ் கேபிளின் கப்பாசிட்டன்ஸோடு (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம், அலகு ஃபாரட்) சேர்ந்து ஓரிடத்தில் ஒத்ததிர்ந்து ஒரு மேடு எழுப்பும். மேட்டைத் தாண்டினால் மேல் சுருதிகள் சரசரவென்று இறங்கிவிடும். சுருள், கேபிள் எல்லாம் சேர்த்து 450 பைக்கோ ஃபாரட் என்றால் நம் 4 ஹென்றி பிக்கப்பின் மேடு 3750 ஹெர்ட்ஸில் நிற்கும். மீட்டருக்கு 100 பைக்கோ ஃபாரட் உள்ள கேபிளில் இன்னும் 3 மீட்டர் நீட்டினால் 2900-க்கு வந்துவிடும். பெரிய மேடையில் நீளக் கேபிள் போட்ட அன்று “இன்னிக்கு பேஸ் கொஞ்சம் மந்தமா இருக்கே” என்று கீபோர்டுக்காரர் சொன்னால் அவர் காதில் கோளாறில்லை. மேடு எவ்வளவு கூர்மை என்பதை வால்யூம் குமிழ்கள் முடிவு செய்கின்றன. ஜாஸ் பேஸில் 250 கிலோ ஓம் குமிழ்கள் இரண்டு இணையாக உட்கார்ந்து அதை மழுக்குகின்றன.

ஆம்ப்பின் உள்ளீடு 1 மெகா ஓம் என்பதால் அங்கே சிக்கலில்லை. அவசரத்துக்கு டி.ஐ. பெட்டி (கிட்டாரை மிக்சரோடு பொருத்தும் இடைக்கருவி) இல்லாமல் மிக்சரின் 10 கிலோ ஓம் லைன் உள்ளீட்டில் செருகிப் பாருங்கள். 41 ஹெர்ட்ஸில் சிக்னலில் பாதிக்குச் சற்று மேல் மிஞ்சும். 3000-இல் எட்டில் ஒரு பங்குதான். கம்பளி போர்த்திய பேஸ்!

இதெல்லாம் உங்கள் தொழிலுக்குத் தெரியாத சங்கதியா என்ன? 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் இரண்டு சுருள்களையும் இணையாகக் கோத்து, உள்ளேயே ஒரு ப்ரீஆம்ப்பும் (சிறு முன்பெருக்கி) வைத்தார்கள். தொடராகக் கோப்பதோடு ஒப்பிட்டால் இணையாகக் கோக்கும்போது இண்டக்டன்ஸ் நான்கில் ஒன்றாகும். அதன் பளபளப்பில் இதற்கும் பங்குண்டு. இ.எம்.ஜி. நிறுவனம் தன் ஆக்டிவ் (உள்ளேயே ப்ரீஆம்ப் உள்ள) பிக்கப்பின் வெளியீட்டு இம்பிடன்ஸ் 10 கிலோ ஓம், குமிழ் 25 கிலோ ஓம் போடுங்கள் என்று சொல்லியே விற்கிறது. அங்கே கேபிள் நீளம் பெரிய பொருட்டில்லை. எதிர்க்கோடியில் கிப்சன் ஈ.பி. பேஸின் கழுத்தோரப் பிக்கப். 30 கிலோ ஓம் வரை சுற்றிய அதற்கு வாசிப்பவர்கள் வைத்த பெயர் ‘மட்பக்கர்’, அதாவது சேறு. (கழுத்தோரம் இருப்பதும் ஒரு காரணம். பழியை முழுக்கச் சுருள்மேல் போடக் கூடாது. எனக்கு அந்தச் சேறு பிடிக்கும் என்பது வேறு விஷயம்.)

நான் கேட்பது பெரிதில்லை. இண்டக்டன்ஸை ஹென்றியில் போடுங்கள். எந்த அதிர்வெண்ணில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள், 100 ஹெர்ட்ஸிலும் 1000 ஹெர்ட்ஸிலும் எண் வேறு வேறாக வரும். ஒத்ததிர்வு மேட்டைச் சொன்னால் எத்தனை பைக்கோ ஃபாரட், எத்தனை கிலோ ஓம் சுமையில் என்றும் சொல்லுங்கள், வெறும் “5 கிலோ ஹெர்ட்ஸ்” யாருக்கும் உதவாது. ஓமையும் போடுங்கள், சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். ஆனால் செம்பின் தடை வெயிலுக்கே ஏறும். 20 டிகிரியில் 7.6 காட்டிய பிக்கப் எங்கள் ஊர் 35 டிகிரியில் 8-ஐத் தாண்டிவிடும். மே மாதம் எல்லோர் பிக்கப்பும் காரமாகிவிடுமா?

என் 9.6 ஜோடி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. விற்றவர் இதைப் படித்தால் அதன் இண்டக்டன்ஸ் எத்தனை ஹென்றி என்று மட்டும் எழுதி அனுப்பட்டும். பணம் திருப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
நான்கு தந்திக்காரன் ஒருவன்