இரு பாதமும் பதிய வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயரம் குறைந்த ஒருவர் அட்வெஞ்சர் வகை (கரடுமுரடான பாதைகளிலும் ஓட்டுவதற்கான, இருக்கை உயர்ந்த) மோட்டார் சைக்கிள் வாங்க விரும்பினால், "இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதிகிறதா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. பதியவில்லை என்றதும் வேறு வண்டி பார்க்கச் சொல்லிவிடுகிறார்கள். பெண்களிடம் இதை முடிந்த தீர்ப்பாகவே சொல்கிறார்கள். இந்த அளவுகோல் தவறானது. பாலைவன ராலிப் பந்தய வண்டிகளின் இருக்கை 900 மில்லிமீட்டருக்கும் மேல் இருக்கும். அவற்றில் சராசரி உயரமுள்ளவர்களுக்கே இரு பாதமும் பதிவதில்லை.

நிற்கும் வண்டியைத் தாங்க ஒரு கால் போதும். வலது கால் பின் பிரேக்கின் மேல் இருக்க, வேகம் அடங்கும் தறுவாயில் இடுப்பை இருக்கையின் இடப்புறம் சற்றே நகர்த்தினால், நுனிவிரல் மட்டுமே எட்டிய இடத்தில் முன்பாதம் உறுதியாக ஊன்றிக்கொள்ளும். ஹேண்டில்பார் நேராக இருப்பது முக்கியம். அது திரும்பியிருக்கையில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி சட்டெனச் சாய்ந்துவிடும். கால் ஊன்றும் பக்கம் பள்ளமோ சரளைக்கல்லோ இருக்கிறதா என்று நிறுத்துவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டும். வண்டியைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தால், இறங்கி நின்று தள்ளுவதில் எந்தக் குறைவும் இல்லை.

விளம்பரத்தில் காணும் இருக்கை உயரத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் சரியல்ல. ஒரே உயரமுள்ள இரண்டு வண்டிகளில், இருக்கையின் முன்பகுதி குறுகலாக உள்ளதில் கால் எளிதாக எட்டும், அகலமானதில் தொடை விரிந்து எட்டாமல் போகும். ஆள் ஏறி அமர்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதும் வண்டிக்கு வண்டி மாறுபடும். உட்கார்ந்து பார்க்காமல் இவை தெரியாது.

அப்படியும் எட்டவில்லை என்றால், தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸும், நிறுவனமே தரும் தாழ்ந்த சீட்டும் முதலில் பரிசீலிக்கத் தக்கவை. பலரும் எடுத்த எடுப்பிலேயே லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டு) பொருத்திப் பின்பக்கத்தை மட்டும் இறக்கிவிடுவது எனக்குக் கவலை தருகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் அதற்கு ஈடாகத் தாழ்த்தாவிட்டால் வண்டி திரும்பும் தன்மையே மாறிவிடும். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியும் குறையும். சைடு ஸ்டாண்டின் நீளம் பழையபடியே இருப்பதால், நிறுத்திய வண்டி ஏறக்குறைய நிமிர்ந்து நின்று, சிறிது தள்ளினாலும் மறுபக்கம் விழும். ஸ்டாண்டை அளவாகக் குறைக்காமல் இந்த வேலையைச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாடிக்கையாளரின் உயரத்தைப் பார்த்து மறுப்பதை விற்பனையாளர்கள் விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரை நிறுத்தியேனும் வண்டியை ஓட்டிப் பார்க்க இடம்தர வேண்டும். ஒற்றைக் காலில் நிறுத்துவதையும், கிளட்சைப் பாதி பிடித்து நடைவேகத்தில் ஓட்டுவதையும் பயிற்சிப் பள்ளிகள் பாடமாகவே கற்றுத்தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்