குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பூங்கா விளக்குகள் சரிசெய்யப்பட்டன. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குரிய நேரத்தை டெங்குவுக்கே ஒதுக்குகிறேன். ஐப்பசி தொடங்கித் தை வரை காய்ச்சல் எட்டிப் பார்க்காத தெரு நம் நகரில் இல்லை.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய நம் பகுதி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வயல்கள் மனைகளான வேகத்தில் குடிநீர்க் குழாய் வரவில்லை. லாரித் தண்ணீரை வாங்கி சம்பிலும் டிரம்மிலும் மாடித் தொட்டியிலும் தேக்கி வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையை நாடுவதில்லை. இந்த நல்ல தண்ணீரில்தான் பெருகுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசுவுக்கும் மாடித் தொட்டியும் கிணறுமே இருப்பிடம்.

சங்கத்துக்கு வந்த கோரிக்கைகளில் அதிகம், புகை அடிக்கச் சொல்லுங்கள் என்பதுதான். புகை, பறக்கிற கொசுவைக் கொல்லும். தொட்டிக்குள் நெளியும் புழுவைத் தொடாது. அந்தப் புழுவைத் தேடி வீடுவீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய வீடுகள் நம்மிடையே உண்டு. எனக்கு இதில் மிகுந்த வருத்தம். வெயிலில் மாடி ஏறி வருகிறவர்கள் அவர்கள். கதவைத் திறந்துவிடுங்கள், குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள்.

பாதியில் நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிகளில் தேங்கிய தண்ணீர் பற்றி மாநகராட்சியிடம் எழுத்துமூலம் புகார் அளித்தோம். ஒரு குழி மூடப்பட்டது. மற்றவை அப்படியே இருக்கின்றன.

சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது மகிழ்ச்சி. ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டிய மழைநீருக்கு வழியில்லாமல் தெருவிலேயே நிற்கிறது. வெறுங்காலோடு அதில் நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் அபாயம் இருக்கிறது. பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஞாயிறுதோறும் எல்லா வீடுகளிலும் தண்ணீர்ப் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவுவதும், மாடித் தொட்டிகளுக்கு இறுக்கமான மூடி போட முடியாத வீடுகளுக்குச் சங்க நிதியிலிருந்து உதவுவதும் ஒன்று. குழாய்க் குடிநீர் கேட்டு வீட்டுக்கு ஒரு கையெழுத்துடன் மனு அளிப்பது மற்றொன்று. கையெழுத்துத் தாள் பொருளாளரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்