மிலார் கொண்டு வந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஊட்டி தாவரவியல் பூங்காவில் கண்காட்சிக்கு வைத்திருந்த சுடுமண் சிற்பங்கள் எல்லாம் முழுசாக வண்டி ஏறிவிட்டன. ஒரு கொம்போ ஒரு காதோ கூட உடையவில்லை. அந்த நிம்மதியில், இன்னும் சரியாகத் தூங்கக்கூட இல்லாமல் இதை எழுதுகிறேன்.

இரவில் சிற்பங்களை உள்ளே வைக்கத் தருவதாகச் சொன்ன இடம் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போனது. யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி கிளறப் போவதில்லை. பொங்கல் விடுமுறை, ஊரெல்லாம் கூட்டம், மேகம் ஒன்றுகூட இல்லாத வானம். ஊட்டிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். பக்கத்தில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் ஏற்கெனவே உறைபனியில் புல் வெளுத்துக் கிடந்தது.

‘ஐயனார் குதிரைகள் வெட்டவெளியில் நிற்கவில்லையா, இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?’ என்று பார்க்க வந்தவர்களில் நிறையப் பேர் கேட்டார்கள். சமவெளியில் நிற்கும். இங்கே சிக்கல் வேறு. சுடுமண் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், மேல்பரப்பு பொரிந்து உதிரும். லண்டன் கியூ தோட்டத்தில் 2007-ல் பிரிட்டிஷ் சிற்பி ஹென்றி மூரின் சிற்பங்களைப் புல்வெளியில் நிறுத்திக் குளிர்காலம் முழுக்க விட்டு வைத்தார்கள். அவை பெரும்பாலும் வெண்கலம், கவலையில்லை. (1848-ல் நம் பூங்காவை உருவாக்கத் தொடங்கிய மெக்ஐவரும் அதே கியூவில் பயின்று வந்தவர்தான்.) எங்களிடம் இருந்தவையோ மாணவர்கள் செய்த தோடர் எருமைகள்.

சாயங்காலம் பூங்கா காலியாகிக்கொண்டிருந்தபோது, நாற்றுப் பக்கம் வேலை பார்க்கும் ஓர் அக்கா வந்து நின்றார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், போடவில்லை.

“ராத்திரிக்கு இந்தப் பொம்மைங்கள என்னம்மா பண்ணப் போறீங்க?”

“தார்ப்பாய் போட்டு மூடலாம்னு இருக்கோம்க்கா.”

“தார்ப்பாய் போட்டா உள்ளாற வேர்த்துக் கொட்டுமே.”

அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தலையில் ஒரு கட்டு கோத்தகிரி மிலாரோடு, அதாவது இலையோடு கூடிய செடிக் குச்சிகளோடு, திரும்பி வந்தார். உறைபனிக் காலத்தில் பூங்காவின் மலர் நாற்றுகளை மூடி வைப்பார்களே, அதே மிலார்தான். நாற்றுகளுக்குப் போக மிஞ்சியது, மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்து வந்தேன் என்றார். வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர். எருமையைச் சுற்றி மிலாரைச் சாய்த்து நிறுத்தி, நுனிகளைச் சேர்த்துப் பிடித்து நாரால் ஒரு கட்டு. கொம்பில் குச்சி படாமல் இடைவெளி விட வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்களுக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். “நாத்துக்கும் இதுக்கும் ஒண்ணுதாம்மா, மேல பனி எறங்கக் கூடாது, உள்ள காத்து நிக்கக் கூடாது.”

காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் மிலார் இலை முழுக்க வெள்ளை. பிரித்ததும் உள்ளே எருமை உலர்ந்து நின்றது. மூக்கைத் தடவிப் பார்த்தேன், விரலில் செம்மண் தூள்தான் ஒட்டியது. விடியற்காலையில் புல்வெளிக்குத் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைப்பார்கள், இல்லையென்றால் வெயில் பட்டதும் புல் கருகிவிடும். நாங்கள் யோசித்தே பார்க்காத அந்தத் தண்ணீரையும் எங்கள் பக்கம் வராமல் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தார். கடைசி நாள் வரை தினமும் இப்படித்தான். பணம் கொடுக்கப் போனால் கோபம் வந்துவிட்டது. டீ மட்டும் குடித்தார், அதுவும் சர்க்கரை தூக்கலாக.

அப்புறம் மற்றவர்கள். வண்டி கொடுத்தவர், இரவுக் காவலர்கள், கம்பளி கொண்டு வந்து தந்த பக்கத்துத் தெருக்காரர்கள், சிற்பத்தின் மேல் ஏறிப் படம் எடுக்கப் பார்த்த பயணிகளை மூச்சு வாங்க விரட்டிய பள்ளிப் பிள்ளைகள், துணிந்து அனுமதி தந்த அதிகாரிகள், எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் நேரில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இடம் தேர்வு செய்ய, பீடம் அமைக்க, பெயர்ப் பலகை எழுத என்று எத்தனை கூட்டம் போட்டோம். அந்த மண்ணில் தினமும் வேலை செய்கிறவர்கள் ஒருவரைக்கூட அந்தக் கூட்டங்களுக்கு யாரும் அழைக்கவில்லை, அழைக்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை. அடுத்த கண்காட்சியின் முதல் கூட்டம் நாற்றுப் பக்கத்திலேயே நடக்கும், அக்காவுக்கு நாற்காலி போட்டுத்தான் தொடங்குவோம். மிலாருக்குத் தனியாகப் பணமும் ஒதுக்குவோம்.

கம்பளிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். கறுப்புக் கட்டம் போட்ட இரண்டு மட்டும் யாருடையவை என்று தெரியவில்லை. சீக்கிரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், குளிர் இன்னும் விடவில்லை.