பரிமாற்ற மாணவர்களை அனுப்பும் கல்லூரிகளுக்கு, கிளாஸ்கோவிலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

அடுத்த பேட்ச் மாணவர்களின் ஆங்கிலப் பயிற்சிக்கு நீங்கள் டைம்டேபிள் போடும் நேரம் இது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு செமஸ்டர் படிக்க ஸ்காட்லாந்துக்கு வந்திருக்கும் மாணவி நான். அந்த டைம்டேபிளில் சிலவற்றை எடுத்துவிட்டு, சிலவற்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன்.

இப்போதைய பயிற்சி முழுக்க ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை வைத்தே நடக்கிறது. அதன் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். கேள்வி கேட்பதெல்லாம் எதிரில் இருப்பவர் வேலை. நடுவில் ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார். சரி, அதில் தேறித்தான் வந்தோம். வந்த பிறகு பார்த்தால், கேட்க வேண்டியவர்கள் நாங்கள். ஹீட்டர் ஓடவில்லை, ஆள் எப்போது வருவார்? அசைன்மென்டுக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்குமா? நீங்கள் சொன்னது பிடிபடவில்லை, இன்னொரு தடவை சொல்வீர்களா? இப்படிக் கேட்டுப் பழக எந்த வகுப்பிலும் எங்களுக்கு வாய்ப்பே வரவில்லை.

அதிலும் ஃபோன்தான் பெரிய கண்டம். எதிராளியின் முகமும் தெரியாது, வாயசைவும் தெரியாது. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கப் பல கிளினிக்குகளுக்குக் காலை 8 மணிக்கே கூப்பிட வேண்டும். ரிசப்ஷனிஸ்ட் எடுத்ததும் கேட்பது பெயர், பிறந்த தேதி, போஸ்ட்கோடு. தமிழ்ப் பெயரை எழுத்துக்கூட்டுவது லேசுப்பட்ட காரியமா? 'எஸ் ஃபார் சேலம், டி ஃபார் திருச்சி' என்றால் இங்கே யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்கு, பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதற்குத் திரும்பிப் பார்க்கவும் பழக வேண்டும். பார்சல்காரர் அழைத்தால் அது தனிக் கூத்து. கிளாஸ்கோவின் பழைய கல் கட்டடங்களில் வீட்டு எண் '2/1' என்றிருக்கும். இரண்டாம் மாடி, முதல் கதவு. மழையில் கீழே நின்றுகொண்டு அவர் படபடவென்று கேட்பதற்கு, அவர் ஃபோனை வைப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதற்கு எந்த மாதிரித் தேர்வும் உதவாது.

அக்சென்ட் வகுப்பைத் தாராளமாக எடுத்துவிடலாம். லண்டன் பக்கம் விழுங்கிவிடும் 'ர்' ஒலியைக் கிளாஸ்கோக்காரர்கள் நம்மைப் போலவே முழுதாகச் சொல்கிறார்கள். ஊரில் சொல்கிற மாதிரியே 'கார்' என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். அவர்களுக்குப் பிடிபடாமல் போவது நம் வேகம். பதற்றத்தில் மூன்று வாக்கியத்தை ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறோம். அந்த வகுப்பு நேரத்தை நிறுத்திப் பேசுவதற்குக் கொடுங்கள்.

மரியாதை விஷயத்தையும் கொஞ்சம் சொல்லித்தர வேண்டும். புரொபசரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூசுகிற அதே மாணவர், கவுன்டரில் 'கிவ் மீ ஒன் காபி' என்று நிற்பார். புரொபசரிடம் வாய்க்கு வாய் 'சார்' போட்டால் சிரிப்பார், அவ்வளவுதான். கவுன்டரில் முகம் சுருங்கிவிடும். 'குட் ஐ கெட்' (Could I get) என்று ஆரம்பிப்பது, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்வது: இதெல்லாம் ஒரு மதியத்தில் பழகிவிடும்.

அப்புறம், தங்கும் இடம். ஒரே கல்லூரிப் பிள்ளைகளை ஒரே ஃபிளாட்டில் போடச் சொல்லி நீங்களே இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறீர்கள். பெற்றோருக்கு அது நிம்மதி, புரிகிறது. ஆனால் சமையலறையில் நாள் முழுக்கத் தமிழ்தான் ஓடுகிறது. அதற்காக ஆளுக்கு ஒரு மூலையில் தள்ளிவிடவும் வேண்டாம். வந்த புதிதில் நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில், ரசம் வைத்துக் கொடுக்க ஒருத்தி பக்கத்தில் இல்லையென்றால் ஆங்கிலம் என்ன, எதுவுமே ஓடாது. ஒரே கட்டடம், வெவ்வேறு ஃபிளாட் என்று கேட்டுப் பாருங்கள்.

முடிந்தால் இங்கே ஏதாவது ஒரு மாணவர் கிளப்பில் சேருவதையும் கட்டாயமாக்குங்கள். நான் சிபாரிசு செய்வது மலைநடைக் கிளப். லோமண்ட் ஏரிப் பக்கம் ஈரப் பாதையில் மணிக்கணக்கில் ஒருவரோடு சேர்ந்து நடக்கும்போது, பேசாமல் வருவதுதான் கஷ்டம். இடையில் பேச்சு நின்றாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஃபோன் பயிற்சிக்கு ஆள் தேட வேண்டாம். இங்கிருந்து நாங்களே கூப்பிடுகிறோம். ஸ்காட்டிஷ் வகுப்புத் தோழர்கள் சிலரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் ரிசப்ஷனிஸ்ட், ஒருவர் ஹீட்டர் ரிப்பேர்க்காரர், ஒருவர் பார்சல்காரர். கோடையில் இங்கே காலை 10 மணி என்றால் அங்கே மதியம் 2.30. சனிக்கிழமைகளில் ஒரு ஹாலும் நல்ல ஸ்பீக்கரும் தந்தால் போதும். வீடியோவை மட்டும் ஆன் செய்ய விடாதீர்கள்.

இப்படிக்கு,
கிளாஸ்கோவில் படிக்கும் உங்கள் மாணவி