படித்தவர்கள் தப்புவதில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். தேசிய அடையாளத்தைத் தலைவர்கள் எப்படிச் செதுக்குகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோயபல்ஸ் பற்றிய பகுதி நன்றாக இருந்தது. ஆனால் ‘கல்வி பரவினால் பிரச்சாரம் எடுபடாது’ என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல், அக்டோபர் மாதம் ஜெர்மனியின் அறிஞர்களும் கலைஞர்களுமாக 93 பேர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பெல்ஜியத்தில் தங்கள் படை செய்த கொடுமைகளை மறுத்து, ‘உண்மையல்ல’ என்று ஆறு பத்திகளைத் தொடங்கிய அறிக்கை அது. பெல்ஜியத்தின் லூவென் நகரில் அந்தப் படை வைத்த தீயில் பல்கலைக்கழக நூலகம் எரிந்து சாம்பலாகி அப்போது ஆறு வாரம்கூட ஆகவில்லை. கையெழுத்திட்டவர்களில் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்ஜனும் இருந்தார், குவாண்டம் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த மாக்ஸ் பிளாங்கும் இருந்தார். இவர்களுக்கா படிப்பு போதவில்லை? அதிலும் பலர் வாசகத்தைப் பார்க்காமலேயே பெயரைக் கொடுத்தார்கள் என்பது பின்னால் தெரியவந்தது. ஆய்வகத்தில் சான்று கேட்காமல் ஓர் எண்ணைக்கூட நம்பாதவர்கள்!

படிப்பைவிட ‘நம் அணி’ என்ற உணர்வு வலியது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களை வைத்துச் சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் செய்த சோதனை 1971-ல் வெளியானது. உனக்கு க்ளேயின் ஓவியம் பிடிக்கிறது, அவனுக்கு காண்டின்ஸ்கியின் ஓவியம் பிடிக்கிறது என்று சொல்லி இரண்டு அணியாகப் பிரித்தார். உண்மையில் பிரித்தது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலத்தான், ரசனைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. யார் தன் அணி என்று முகம்கூடத் தெரியாது. ஆனாலும் காசைப் பங்கிடச் சொன்னபோது தன் அணிக்கே அதிகம் கொடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. தன் அணிக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, எதிரணியைவிட நாம் மேலே நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் நிறையப் பேர். ஓர் ஓவியத்துக்கே இப்படி என்றால் கொடி, மொழி, எல்லை எல்லாம் கையில் இருக்கும் தலைவருக்கு வேலை எவ்வளவு சுலபம்!

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அதிபர் வில்சனின் அரசு போருக்கு மக்கள் ஆதரவைத் திரட்ட நியமித்த கிரீல் குழு இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. திரையரங்கில் ரீல் மாற்றும் இடைவெளியில் நான்கு நிமிடம் பேச அது சுமார் 75,000 தொண்டர்களைத் திரட்டியது. எல்லாரும் அந்தந்த ஊர்க்காரர்கள், பார்வையாளர்களுக்குத் தெரிந்த முகங்கள். அதிபர் சொன்னால் கொஞ்சம் யோசிப்போம். பக்கத்துத் தெரு வக்கீல் சொன்னால்?

நான் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன். சென்ற ஆண்டு அண்டை நாட்டுப் படையின் அட்டூழியம் என்று வந்த ஒரு படத்தைப் பார்த்துக் கொதித்துப்போய் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன். ‘சார், இது வேறு ஏதோ போரில் எடுத்த பழைய படம்’ என்று பதில் போட்டவன் என் பழைய மாணவன். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் இரண்டு முறை தோற்றவன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்